ராசப்பன் ஊட்டிய இரட்டைப் பழம்

ராசப்பனைப் பற்றி யாராவது “பாவம், நல்ல மனுஷன்” என்று பேச்சை ஆரம்பித்தால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். நல்லவன்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவனைப் போலப் பிடிவாதக்காரனை இந்தப் பக்கம் நான் பார்த்ததில்லை. தனக்குத்தானே ஒரு தண்டனையைத் தீர்மானித்துக்கொண்டு, அதைக் கொண்டுபோய்ப் பெண்டாட்டி தலையில் இறக்கப் பார்த்த ஆள். தை மாசம் பிறந்ததும் அவளை வேறொருவனுக்குக் கட்டிக்கொடுக்க ஆயத்தமாக இருந்தான். அதுவும் அவள் மேல் உயிரையே வைத்துக்கொண்டு.

என் பெயர் நஜிமா. சேந்தமங்கலத்தில் எங்களுக்கு வாழை மண்டி. பலகையில் என் வீட்டுக்காரர் அப்பாஸ் அலியின் பெயர் இருக்கும். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நான் இருப்பேன். அவருக்கு யாரிடமும் “முடியாது” என்று சொல்ல வராது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கென்றே என்னை அங்கே உட்கார வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

ராசப்பன் மலைமேல் ஆலத்தூர் நாட்டுக்காரன். கொஞ்சம் மிளகு, கொஞ்சம் மரவள்ளி, மிச்சமெல்லாம் மலைவாழை. அடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் இறங்குகிற அத்தனை வளைவிலும் வண்டியின் பின்னால் தார்களைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வருவான். முன்னால் உட்காரப்பா என்று டிரைவர் கூப்பிட்டாலும் கேட்கமாட்டான். என் லோடுமேன்கள் தாரைத் தூக்கிப் போடுகிற லட்சணம் அவனுக்குத் தெரியும். அதனால் தன் தாரைத் தானே இறக்கி, சருகு பரப்பி, அதன் மேல் மெல்லச் சாய்த்து வைப்பான். “மாப்ள, அப்படியே ஒரு தாலாட்டும் பாடிட்டுப் போயிரு” என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். சிரித்துக்கொள்வான். விலை பேச வராது. ஆனால் அவன் காயைப் பார்த்து “இன்னும் முத்தலையே ராசப்பா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தொலைந்தது. அடுத்த வாரம் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, அக்கா என்று கூப்பிடாமல் “கடைக்காரம்மா” என்று கூப்பிடுவான்.

அப்பனும் ஆத்தாளும் ஒருவர் பின் ஒருவராகப் படுக்கையில் விழுந்ததில் அவனுக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. இரண்டு பேரையும் கடைசி வரைக்கும் பார்த்து அனுப்பி வைத்துவிட்டு, காதோரம் நரைத்த பிறகுதான் தேன்மொழியைக் கட்டினான். அவளும் மலைமேல்தான், செம்மேட்டுக்குப் பக்கத்து ஊர்ப் பெண். அவனைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவள். தையல் தெரிந்தவள். வாய் இருக்கிறதே, அது என் வாய்க்குச் சரியான ஜோடி. முதல் தடவை மண்டிக்கு வந்தபோதே, “அக்கா, உங்க தராசு உங்க பக்கமாவே குனியற மாதிரி இருக்குதுங்க” என்றாள். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் அன்றைக்கே அவளைப் பிடித்துப்போனது.

அவள் வந்த பிறகு ராசப்பன் ஆளே மாறிவிட்டான். சட்டைக்குப் பித்தான் எல்லாம் இருந்தது. என்னிடம் வந்து நின்றால் “தேனு இப்படிச் சொன்னா, தேனு அப்படிச் சொன்னா” என்று ஒரே தேன் புராணம். போ, போய்த் தொழிலைப் பார் என்று நானே விரட்ட வேண்டியிருக்கும்.

மூன்று வருஷம் கழித்து, போன ஆனிக் கடைசியில் ஒருநாள், தார் இறக்குவதற்கு முன்னால் நேராகக் கல்லாவுக்கு வந்தான். கையில் வாழையிலைத் துண்டு. அதில் வெல்லக்கட்டி. “அக்கா, வாயத் தொறங்க” என்றான். எதற்கு என்று கேட்கவே தேவையில்லை. முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. கடையில் இருந்த எல்லோர் வாயிலும் வெல்லம் போட்டுவிட்டுத்தான் வண்டியைப் பார்க்கப் போனான்.

ஆவணியில் அது இல்லாமல் போயிற்று. ஸ்கேனில், பை இருக்கிறது, நஞ்சுக்கொடி வளர்ந்திருக்கிறது, உள்ளே பிள்ளையைத்தான் காணோம் என்று சொல்லிவிட்டார்கள். சேலத்துக்குக் கூட்டிப்போய்ச் சுத்தம் செய்தார்கள். நஞ்சுக்கொடி இருந்த விதத்தைப் பார்த்து அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு ஏதோ சந்தேகம்; எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் இருவரையும் எதிரே உட்கார வைத்துப் பொறுமையாகத்தான் சொல்லியிருக்கிறார். மனுஷர்களுக்கு ஒவ்வொரு செல்லிலும் நாற்பத்தாறு குரோமோசோம் இருக்க வேண்டும், இதில் தொண்ணூற்றிரண்டு இருந்தது, எல்லாமே இரட்டிப்பாக இருந்தது, அதனால்தான் நிற்கவில்லை, யார் மேலும் தப்பில்லை, உடம்பு தேறட்டும், அடுத்தது நன்றாக வரும்.

இவ்வளவு சொன்னாரே, ராசப்பன் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். இரட்டிப்பு. மற்றதெல்லாம் அவனுக்குக் கேட்கவே இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அன்றைக்குச் சேலத்திலிருந்து திரும்பும்போதே அவளை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டான். பத்தியம் பார்க்க ஆள் வேண்டுமே, சரிதான் என்று எல்லோரும் நினைத்தோம். புரட்டாசி போனது, ஐப்பசி போனது. அவளைக் கூட்டி வரவில்லை. வாரம் ஒருமுறை போய் அரிசி, பருப்பு வைத்துவிட்டு, வாசலோடு திரும்பிவிடுகிறானாம். “எப்படா கூட்டிட்டு வர்ற” என்று நான் கேட்டால், “இருக்கட்டுங்க்கா, உடம்பு தேறட்டும்” என்பான். உடம்பு தேறுவதற்கு இத்தனை மாசமா? சட்டையில் மறுபடியும் பித்தான் இல்லை. தாரைச் சாய்த்து வைக்கிற கை மட்டும் அப்படியே இருந்தது.

மார்கழியில் ஒரு காலை, தார் எதுவும் இல்லாமல் வெறும் கையோடு வந்தான். கடையில் கூட்டமில்லை. எதிரே இருந்த சாக்கின் மேல் உட்கார்ந்தான்.

“அக்கா, ஒரு உதவிங்க. தேனு உங்க பேச்சுன்னாக் கேப்பா.”

“அவ யார் பேச்சையும் கேக்கற ஆளில்ல. விஷயத்தச் சொல்லு.”

“தை பொறந்ததும் ஊர்க்கவுண்டர்கிட்டச் சொல்லி அத்து உட்டர்லாம்னு இருக்கறனுங்க. அவளுக்கு இன்னும் வயசு இருக்குது. நல்ல எடமாப் பாத்துக் கட்டிக்கட்டும். அவ லேசுல ஒத்துக்கமாட்டா, சண்டைக்கு வருவா. நீங்கதான் எடுத்துச் சொல்லோணும்.”

ஏதோ கோபத்தில் சொல்கிற பேச்சு என்று தள்ளிவிட முடியாது. ஒத்துவரவில்லை என்றால் பெரியவர்கள் முன்னால் பேசிப் பிரிந்துகொண்டு, இரண்டு பேரும் வேறு கட்டிக்கொள்வது அவர்கள் பக்கம் நடக்கிற காரியம். யாரும் குறையாகப் பேசமாட்டார்கள். அவன் வாயைத் திறந்து கேட்டால், தை முடிவதற்குள் அது முடிந்துவிடும்.

“அவ மேல என்னடா குறை கண்ட?”

“அவ மேல ஒண்ணுமில்லீங்க. குத்தம் எங்கையில.”

சொல்லிவிட்டுத் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

ஒட்டிப் பிறந்த இரட்டைப் பழத்தை வயசுப் பெண்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் தின்னக்கூடாது, தின்றால் இரட்டைப் பிள்ளை பிறக்கும் என்பது மலையிலும் அடிவாரத்திலும் எல்லோரும் சொல்வதுதான். என் மாமியார் என்னைத் தொடவே விட்டதில்லை. பெண்கள் வாங்கமாட்டார்கள் என்பதால், சீப்பில் ஒட்டுக்காய் இருந்தால் கிள்ளி ஒரு கூடையில் போட்டுவிடுவேன். கொண்டுவந்தவர்களே போகும்போது எடுத்துப் போவார்கள். ஆடிப் பதினெட்டுக்கு முன்தினம் ராசப்பனும் அப்படித்தான் நாலைந்து எடுத்துப் போயிருக்கிறான்.

“ரெண்டாப் பொறந்தா நல்லாருக்கும்னு ஒரு ஆசைங்க. எனக்கும் வயசாவுது. இன்னொண்ணு பெத்து ஆளாக்கறதுக்கு நாளு இருக்குமோ இருக்காதோ. ஒரேயடியா ரெண்டு வந்துட்டா ஒண்ணுக்கொண்ணு துணையாப் போயிருமுன்னு. ஆடி நோம்பியன்னிக்கு நானே உரிச்சு ஊட்டுனனுங்க. வேண்டாமுங்க, வேண்டாமுங்கன்னு சிரிச்சா. ஒரே வாய் தேனுன்னு சொல்லி ஊட்டுனன். டாக்டரம்மா எல்லாமே இரட்டிப்பா இருந்துச்சுன்னு சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க்கா. எம்பட பேராசைக்குப் புள்ளய உள்ளயே கொன்னுப்போட்டன். இந்தக் கையோட இன்னொருக்கா அவள எப்படித் தொடறது?”

எனக்கு மனசு கலங்கினால் வாயில் வசவுதான் வரும். “அந்தக் காயக் கிள்ளிக் கூடையில போட்டவ நான். ஊர்க்கவுண்டர் முன்னால என்னையும் கொண்டுபோய் நிறுத்துடா” என்று கத்தினேன். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து என் மகள் வந்துவிட்டாள்.

அதீபா பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறாள். எலிக் கருவை வைத்து. யாராவது கேட்டால் “லேப்ல இருக்கா” என்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன். எலி என்று சொன்னால் வருகிற வரனும் ஓடிவிடும். வருஷக் கடைசி லீவுக்கு வந்திருந்தாள். வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

“மாமா, நான் பாக்கற வேலையே இந்த இரட்டிப்புத்தான். சொல்லட்டுமா?”

அவன் தலையாட்டினான்.

“கரு மொதல்ல ஒரே ஒரு செல்லு. அது ரெண்டாப் பிரியணும். பிரியறதுக்கு முன்னாடி, உள்ள இருக்கற குரோமோசோம் எல்லாத்தையும் அப்படியே இன்னொரு படி எடுத்துக்கும், ஆளுக்கு ஒரு பங்கு வேணுமில்ல. படியெல்லாம் எடுத்து முடிச்சிட்டு, பிரியாம விட்டுடுச்சுன்னா ரெண்டு பங்கும் ஒரே செல்லுல நின்னுடும். அப்புறம் அதுலருந்து வர்ற எல்லாச் செல்லும் ரெண்டு பங்காத்தான் வரும். எலில இத நாங்க வேணும்னே செய்வோம். ரெண்டு செல்லா இருக்கற கருவுக்குச் சின்னதா ஒரு கரண்ட் குடுத்தா, ரெண்டும் ஒட்டி ஒண்ணாயிடும்.”

ராசப்பன் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் வடிந்துவிட்டது. “ஒட்டித்தான் போச்சுங்கற கண்ணு” என்றான்.

படித்த பிள்ளைகளுக்கு இதுதான் வியாதி. விளக்கு விளக்கு என்று விளக்கி ஆளையே கவிழ்த்துவிடுவார்கள். “நீ வாய மூடுடி” என்றேன். அவள் மூடவில்லை, என் மகள்தானே.

“இருங்க மாமா, முழுசாக் கேளுங்க. அப்படி இரட்டிப்பான கரு நஞ்சுக்கொடிய நல்லாவே கட்டும். பிள்ளையக் கட்டத்தான் அதால முடியாது. எந்த உறுப்பா வேணும்னாலும் மாறத் தெரிஞ்ச செல்லு இருக்கு, ஸ்டெம் செல்லுன்னு. அதுல சாதாரணமானத எடுத்து இந்த இரட்டிப்புக் கருவோட சேத்து விட்டோம்னா, குட்டியோட உடம்பு அந்தச் சாதாரண செல்லுலருந்துதான் வரும். இரட்டிப்புச் செல்லு நஞ்சுக்கொடிப் பக்கமா ஒதுங்கிக்கும். வீட்டக் கட்டிக் குடுத்துட்டு வெளிய நின்னுக்கும், குடியிருக்காது. தேன்மொழி அக்காவுக்கு வந்ததுல எல்லாமே அந்த மாதிரிச் செல்லு. வீடு இருந்துச்சு. குடியிருக்க ஆளு வரல.”

“இரட்டிப்பா இருந்தா என்ன, பலந்தான” என்று நடுவில் கேட்டது என் வீட்டுக்காரர். டீ வாங்கி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“செடிகொடிக்குப் பலந்தான் அத்தா. நாம விக்கற வாழையில நெறைய, காட்டு வாழையவிட ஒண்ணரைப் பங்கு குரோமோசோம் உள்ளது. அதனாலதான் கொட்டையில்லாம இருக்கு. எலி, மாடு, மனுஷனுக்கு அது ஒத்துக்கறதில்ல. நம்ம ஈரல்ல அங்கங்க இரட்டிப்புச் செல்லு இருக்கு, அது பாட்டுக்கு வேலை செய்யும். தட்டுல வெச்சு வளத்தா இரட்டிப்பு ஸ்டெம் செல்லும் பெருகத்தான் செய்யுது. ஆனா மொத்தக் கருவும் அப்படி ஆயிட்டா, நீ இதயம், நீ மூளைன்னு வேலை பிரிக்கற நேரத்துல தடுமாறிப் போயிடும். ஏன்னு இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா எனக்கு அங்க வேலையே இருக்காது.”

ராசப்பன் இதில் எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“எப்பக் கண்ணு அது ஒட்டிக்கும்? எத்தன மாசத்துல?”

“மாசமா? ஆரம்பத்துலயே மாமா. மொத நாளு, ரெண்டாம் நாளு. கரு கருப்பைக்கே வந்து சேந்திருக்காது. அக்காவுக்கே தெரிஞ்சிருக்காது.”

எனக்குப் பொறி தட்டியது. அதீபாவுக்கு என்ன தெரியும், அவள் அந்த ஆனி மாசம் இங்கே இல்லை. வெல்லம் தின்றவள் நானல்லவா.

“டேய், எனக்கு எப்ப வெல்லம் போட்ட?”

“ஆனிக் கடைசிலீங்க.”

“பழம் எப்ப ஊட்டுன?”

“ஆடிப் பதினெட்டுங்க.”

“அப்ப வயித்துல வந்தது எப்ப? வெல்லத்துக்கு முன்னாடியா, பழத்துக்குப் பின்னாடியா?”

அவன் கணக்குப் போட்டான். உதடு அசைந்தது. ஆனால் சொன்னேனே, அவனைப் போலப் பிடிவாதக்காரன் கிடையாது. “பழத்தோட வேகம் பின்னால போயும் எட்டுமோ என்னமோங்க” என்றான். எனக்கு வந்த கோபத்தில் எழுந்துபோய்க் கூடையிலிருந்து ஒரு ஒட்டுக்காயை எடுத்து வந்து அவன் மடியில் போட்டேன்.

“வாழைக்காரன்தான நீ. சொல்லு. இது எப்ப ஒட்டுச்சு? நான் கிள்ளுனப்பவா?”

“இல்லீங்க.”

“நீ தாரு வெட்டுனப்பவா? தண்ணி பாச்சுனப்பவா?”

“அதெப்படீங்க. மடல் விரியறதுக்கு முன்னாடி, பூவுலயே ஒட்டிக்குமுங்க. வெளிய தெரியறப்ப நாம ஒண்ணும் செய்ய முடியாது.”

“அப்ப வெட்டுனவன் கையில குத்தமா?”

“இல்லீங்...” என்றவன் பாதியில் நின்றுவிட்டான். தான் சொன்னது தன் காதிலேயே அப்போதுதான் விழுந்தது போலிருக்கிறது. காயைக் கீழே வைத்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தான். ஆவணியிலிருந்து சேர்த்து வைத்த அழுகை. என் வீட்டுக்காரர் அவன் பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

அழுது முடித்ததும், “எந்திரி. இப்பவே செம்மேடு போறோம்” என்றேன். நாளைக்குப் போகிறேன் என்றான். நாளைக்கு என்றால் ராத்திரியெல்லாம் யோசித்து இன்னொரு குற்றத்தைக் கண்டுபிடித்துவிடுவான் என்று எனக்குத் தெரியும். அதீபாவையும் கூட இழுத்துக்கொண்டேன். பஸ்ஸில் பாதி மலை ஏறுவதற்குள் எனக்குத் தலை சுற்றி, மகள் மடியில் படுத்துவிட்டேன். ராசப்பன் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவளிடம் எப்படி ஆரம்பிப்பது, எப்படி ஆரம்பிப்பது என்று எங்களையே கேட்டுக்கொண்டு வந்தான். நடந்ததை நடந்தபடி சொல் என்றேன். தையை நினைத்தால் எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். அவன் மனசு திரும்பிவிட்டது, சரி; இத்தனை மாசம் வாசலோடு திரும்பிப் போனவனை அவள் சேர்த்துக்கொள்ள வேண்டுமே.

தேன்மொழி முன்னறையில் மிஷினில் உட்கார்ந்து யாருக்கோ ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் “வாங்கக்கா, வா அதீபா” என்றாள். அவனை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. காலை மிதியிலிருந்து எடுக்கவும் இல்லை.

அவன் கதவை ஒட்டி நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். பழம், டாக்டரம்மா சொன்னது, தையில் செய்ய நினைத்தது, ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல மிஷின் மெல்ல மெல்ல ஓய்ந்தது.

“இதுக்காகத்தான் வாசலோட போனீங்களா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“ரெட்டப்பழம் தின்னு ரெட்டப்புள்ள பொறக்கும்னா எங்கம்மா ஊட்டுல ஒரு பட்டாளமே இருக்கோணுமுங்க. சந்தையில கழிச்சுப் போட்டதப் பூரா தின்னுதான் நாங்க வளந்தோம். எங்கம்மா என்னைய வயித்துல வெச்சுக்கிட்டே தின்னிருக்குது, நான் ஒத்தையாத்தான் வந்தன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பனே. நான் என்ன நெனச்சன் தெரியுமுங்களா? புள்ளயத் தங்க வெக்கத் துப்பில்லாதவன்னு என்னையக் கொண்டாந்து உட்டுட்டீங்கன்னு நெனச்சன். வாசல்ல அரிசி வெச்சுட்டுத் திரும்பறப்பல்லாம், மூஞ்சியப் பாக்கக்கூடப் புடிக்கலையாட்டங்குதுன்னு நெனச்சன். நீங்க பாட்டுக்கு என்னைய வேறொருத்தனுக்குக் குடுக்கப் பாத்திருக்கறீங்க. நான் என்ன வாழைத்தாருங்களா?”

குரல் உடைந்துவிட்டது அவளுக்கு. திட்டுகிறாள், இனிப் பயமில்லை என்று நான் மூச்சு விட்டேன். வாயாடிகள் வாயை மூடிக்கொண்டால்தான் ஆபத்து.

ஆனால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதீபாவைப் பார்த்துத் திரும்பினாள்.

“நீ படிச்சவ. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அதுக்கு வலிச்சிருக்குமா? போறப்ப?”

“இல்லக்கா” என்றாள் அதீபா. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். “வலிக்கறதுக்கு அங்க யாருமே இல்லக்கா. நஞ்சுக்கொடி மட்டுந்தான் வளந்துச்சு. பிள்ளைன்னு ஒண்ணு உருவாகவே இல்ல.”

தேன்மொழி அவள் கையை விடவில்லை.

“அப்ப நான் அத்தன நாளும் யாருகிட்டப் பேசிட்டிருந்தன்?”

என் மகள் படித்த எதிலும் அதற்குப் பதில் இருந்திருக்காது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். தேன்மொழி தன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு தைத்தபடியே என்னென்ன பேசியிருப்பாள் என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ராசப்பன் கதவோரத்திலிருந்து நகர்ந்து வந்தான். மிஷினுக்குக் கீழே, வெட்டிப்போட்ட துணித் துண்டுகளுக்கு நடுவில், அவள் காலடியில் உட்கார்ந்தான்.

“நம்ம புள்ளகிட்டத்தான் பேசிட்டிருந்த” என்றான். “நானும் பேசுனன். நீ தூங்கிட்டயின்னு நெனச்சுக்கிட்டு.”

“நான் தூங்கலீங்க. கேட்டுட்டுத்தான் படுத்திருந்தன்.”

“குத்தம் யாருதும் இல்ல தேனு. அதீபா சொல்றாப்பல உருவாச்சோ உருவாகலையோ, எனக்கு அதெல்லாம் தெரியாது. ஆனாப் புள்ள நம்முளுது.”

அவள் குனிந்து அவன் தலையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான். இத்தனை மாசத்தில் இருவரும் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை. நான் அதீபாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். அங்கே தேன்மொழியின் அம்மா கையில் சொம்புத் தண்ணீரோடு, உள்ளே போவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். நான் அதை வாங்கிக் குடித்தேன்.

அப்புறம் உள்ளே தேன்மொழி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“ஏனுங்க, ஆலத்தூருக்குக் கடைசி பஸ்ஸு எப்பங்க?” என்று கேட்டாள்.